கிறிஸ்துமஸ் தாத்தாவின் மச்சினன்

ஒன்பது வருசமாய் எங்கள் சபைக்கு
கிறிஸ்துமஸ் தாத்தா எங்க வீட்டுக்காரர்தான்.
பணகுடி ஈ.பி.யில் லைன்மேன்.
ஏறி நின்றால் கம்பம் எது, ஆள் எது என்று
காக்காவுக்கே குழப்பம் வரும் உடம்பு.
அதனால் வயிற்றுக்கு இலவம்பஞ்சுத் தலையணை,
தாடிக்கு மெடிக்கலில் வாங்கிய பஞ்சுச் சுருள்,
நாகர்கோவில் முகமூடியில் ரப்பர் அறுந்த காதுக்கு
என் பாவாடை நாடா.

ஆனால் ஆடுவார் பாருங்கள்!
ட்ரம் விழுந்தால் தலையணை ஒரு தாளம்,
மனுசன் ஒரு தாளம்.
கைக்குழந்தைகள் வீறிட்டு அழும்.
பெரியவர்கள் பத்து ரூபாயை உள்ளே வைத்துவிட்டு
நூறாய் எடுத்துப் போடுவார்கள்.

இந்த வருசம் மஸ்கட்டிலிருந்து வந்திறங்கினான்
என் தம்பி எட்வின்துரை.
சின்னதிலிருந்தே அவனுக்கொரு வியாதி:
பக்கத்து இலை அப்பளம்தான் பெரிசாய்த் தெரியும்.
பெட்டியைத் திறந்தான்.
சிவப்பு நைலான், வெள்ளை ரோமம்,
இடுப்பில் பேட்டரி விசிறி.
பொத்தானை அமுக்க, உஸ்ஸென்று காற்றேறி
ஆள் அண்டாவானான்.
"அத்தான், இதாக்கும் ஒரிஜினல் தாத்தா."
இவர் தலையணையைத் தடவிக்கொண்டே,
"ஒரிஜினலுக்கு எதுக்கு மாப்ள பேட்டரி?"

அன்று ராத்திரி ரெண்டு பேருக்கும்
தனித்தனியாய்ச் சோறு போட்டேன்.
அந்தப் பக்கம் தாலி கட்டினவர்,
இந்தப் பக்கம் கூடப்பிறந்தவன்,
நடுவில் முறுக்கு மாவும் நானும்.

கமிட்டி கூடி, ரெண்டு காப்பி குடித்துத் தீர்ப்புச் சொன்னது:
மேலத்தெரு அத்தானுக்கு,
கீழத்தெரு மச்சினனுக்கு.
நடுத்தெருவை ஒருத்தரும் யோசிக்கவில்லை.
எங்கள் வீடு நடுத்தெருவில்.

இருபத்துமூணாம் தேதி, ராத்திரி பதினொன்றரை.
ரெண்டு ட்ரம்மும் எங்கள் வாசலில் முட்டின.
தூக்கக் கண்ணோடு எட்டிப் பார்த்த எமீமாள்
என் சேலையை இழுத்தாள்:
"அம்மா, தாத்தாவுக்கும் தாத்தா உண்டா?"

இவர் ஒரு குதி. அவன் ரெண்டு.
இவர் முட்டி மடக்கிச் சுற்றினார்.
அவன் மிட்டாய் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு
நான்தான் முதலில் என்று வீட்டுக்குள் பாய்ந்தான்.
பாதிதான் வந்தான்.
மீதி வெளியே நின்றது.

பொத்தான் சிக்கிக்கொண்டது.
விசிறி நிற்கவில்லை.
நிலைப்படியே முனகும்படி
ஏறுகிறது காற்று, ஏறுகிறது, ஏறுகிறது.
தெரு நாய் நாலும் பின்பக்கத்தைப் பார்த்துக் குரைக்க,
முன்பக்கம் என் தம்பி, "அக்கா... அக்கா..." என்கிறான்.
ஆடி மாசமாய் இருந்தால்
காவல்கிணறு காற்றாலைக்கு மேலே பறந்திருப்பான்.
மார்கழியானதால் கர்த்தர் காத்தார்.

இவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"எல்லாரும் தள்ளி நில்லுங்க. லைன்ல கரண்ட் இருக்கு."
தாத்தா வேசத்திலும் இடுப்பில் கட்டிங் பிளேயர்!
ஒயரை அறுத்தார்.
பிறகு தாடியில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து,
ஊசி போடும் டாக்டர் மாதிரி,
"மாப்ள, மூச்சை இழுத்துப் பிடி."

உஸ்ஸ்ஸ்.
என் தம்பி மெல்ல மெல்ல
பழைய என் தம்பியானான்.

நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்து
தெருவே கை தட்டியது.
உண்டியலில் போன வருசத்தைவிட
ரெண்டாயிரத்து இருநூறு கூடுதல்.
பொருளாளர் எட்வின்துரை தோளைத் தட்டி,
"அடுத்த வருசமும் வாசல்ல மாட்டுவீங்களா தம்பி?"

பண்டிகையன்று விடியற்கால ஆராதனையில்
ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு.
"அத்தான், அடுத்த தடவ அந்தத் தலகாணிய எனக்குத் தருவியளா?"
இவர் பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல்,
"பாப்பம்."

எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது,
அன்று நள்ளிரவு தண்ணீர் குடிக்க எழும்பும்வரை.
அடுக்களையில் வெளிச்சம்.
அறுந்த ஒயருக்கு டேப் சுற்றி,
நைலான் ஓட்டைக்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டி,
சிவப்புச் சட்டைக்குள் எங்க வீட்டுக்காரர்.

"சும்மா, சர்வீஸ் பண்ணிப் பாக்கேன்," என்றார்.
வயிறு உப்பிக்கொண்டே வந்தது.